ஒரு வேளைச் சாப்பாட்டின் அடக்கவிலை: மடிப்பாக்கத்து அடுப்படியும் பெருங்குடி மெஸ்ஸும்

2025 ஜூன் மாதக் கடைசி ஞாயிறன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் தம்பி, தன் அறையில் சமைத்துச் சாப்பிடுவதைவிட மெஸ்ஸில் சாப்பிடுவதே மலிவாக முடிகிறது என்றான். என் கணவரும் என் மாமியாரும் அதை ஏற்கவில்லை. வீட்டுச் சாப்பாட்டைவிட வெளிச்சாப்பாடு மலிவு என்று ஒருவன் சொன்னால் அவனுக்குக் கணக்குத் தெரியவில்லை என்றே நம் வீடுகளில் எடுத்துக்கொள்கிறோம். ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பொருள்களின் அடக்கவிலையை, அதாவது ஒன்றைச் செய்து முடிக்க ஆகும் மொத்தச் செலவை, கணக்குப் போடுவதே என் வேலை. இருந்தும் என் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு என்ன விலைக்கு அடங்குகிறது என்று எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஆகவே ஜூலை மாதம் முழுவதும் இரண்டு இடங்களிலும் கணக்கு எழுதுவதென்று முடிவு செய்தோம். மடிப்பாக்கத்தில் நாங்கள் நான்கு பேர்: நான், கணவர், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகள், மாமியார். பெருங்குடியில் தம்பி ஒருவன்.

அளவுகோலாக "ஒருவர், ஒரு வேளை" என்பதை வைத்துக்கொண்டோம். நான்கு பேருக்கு 31 நாளில் 372 வேளைகள் வருகின்றன. காபியும் பாலும் அந்தந்த வேளையோடு சேர்ந்தன; பழமும் மாலை நேரத் தின்பண்டமும் கணக்கில் இல்லை. மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் மளிகை டப்பாக்களை எடை போட்டுப் பார்த்தேன், ஏனென்றால் வாங்கியதை எல்லாம் சாப்பிட்டதாக எழுதிவிட்டால் அது செலவுக் கணக்காக இருக்குமே தவிர அடக்கவிலைக் கணக்காகாது.

எங்கள் வீட்டில் 346 வேளைகள் வீட்டுச் சமையல். அதற்கு அரிசியும் இட்லி அரிசியும் 1,376 ரூபாய், துவரம்பருப்பும் உளுந்தும் பிற பருப்புகளும் 900, எண்ணெய் 845, காய்கறி, கீரை, வெங்காயம், தேங்காய் எல்லாம் சேர்த்து 3,150, நாளுக்கு மூன்று அரை லிட்டர் ஆவின் பாக்கெட்டாகப் பால் 2,046, முட்டையும் மீனும் கோழியும் 1,900, புளி, மிளகாய், காபித்தூள், சர்க்கரை, ரவை உள்ளிட்ட மளிகை 2,150 என்று 12,367 ரூபாய் ஆனது. வழக்கமாக வீட்டுக் கணக்கு இந்த இடத்தோடு நின்றுவிடும். நான் இன்னும் நான்கு இனங்களைச் சேர்த்தேன். 868 ரூபாய் 50 காசு விலையுள்ள சிலிண்டர் எங்களுக்கு 38 நாள் வருகிறது, எனவே ஜூலையின் பங்கு 709 ரூபாய். கிரைண்டர், மிக்சி, ஃபிரிட்ஜ் ஆகியவற்றுக்கான மின்சாரம் 180. அடுப்பு, குக்கர், மிக்சி, கிரைண்டர் நான்கையும் 18,000 ரூபாயாக மதித்துப் பத்து ஆண்டுக்குப் பிரித்தால் தேய்மானம் மாதம் 150. பாத்திரம் கழுவும் சோப்பும் நாரும் 110. மொத்தம் 13,516 ரூபாய், அதாவது ஒருவருக்கு ஒரு வேளைக்கு 39 ரூபாய்.

இதே வேளைகளை நடந்து போகும் தொலைவிலுள்ள மூன்று சைவ ஹோட்டல்களின் விலைப்பட்டியலில் வைத்துப் பார்த்தேன். காலைச் சிற்றுண்டி 65, மதியச் சாப்பாடு 120, இரவு 85 என வரியோடு சராசரி அமைந்தது. வேளைக்கு 90 ரூபாய். 346 வேளைக்கு 31,140 ரூபாய். குழந்தை பாதிதான் சாப்பிடுவாள், ஆனால் ஹோட்டலில் பாதி இட்லிக்கு விலை கிடையாது என்பதால் அவளையும் முழு ஆளாகவே கொண்டேன். இந்தக் கணக்கின்படி வீட்டுச் சமையல் வெளிச்சாப்பாட்டின் பாதி விலைக்கும் கீழே அடங்குகிறது. என் மாமியார் எதிர்பார்த்ததும் இதைத்தான்.

ஆனால் சராசரி என்பது பலவற்றை மூடிவிடுகிறது. இட்லியை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ இட்லி அரிசி 48 ரூபாய், கால் கிலோ உளுந்து 33, வெந்தயமும் உப்பும் 3, கிரைண்டர் ஓட மின்சாரம் 2, ஆக 86 ரூபாய்க்கு எங்கள் தட்டில் 52 இட்லி வருகிறது. ஒரு இட்லி 1 ரூபாய் 65 காசு. நால்வரும் காலையில் பதினான்கு இட்லி சாப்பிடுகிறோம், 23 ரூபாய். அதற்குத் தொட்டுக்கொள்ளும் தேங்காய்ச் சட்னிக்கு அரைமூடி தேங்காயே 20 ரூபாய் ஆகிறது. பொட்டுக்கடலையும் பச்சை மிளகாயும் தாளிப்பும் சேர்ந்தால் சட்னி இட்லியை முந்திவிடுகிறது. 2025இல் தேங்காய் விலை ஏறிய ஏற்றம் அப்படி. ஜூலை இரண்டாம் வாரத்திலிருந்து நாங்கள் தக்காளிச் சட்னிக்கும் எள்ளுப்பொடிக்கும் மாறியதற்கு நாக்கு காரணமில்லை, இந்த நோட்டுப் புத்தகம்தான் காரணம். எப்படியானாலும், சட்னி, காபி எல்லாம் சேர்ந்தும் காலை வேளை ஆளுக்கு 20 ரூபாயைத் தாண்டவில்லை. ஹோட்டலில் அதுவே 65.

மதியச் சாப்பாட்டில் இந்த இடைவெளி இவ்வளவு இல்லை. ஜூலை 24 ஆடி அமாவாசை. அன்று சாம்பார், ரசம், கூட்டு, இரண்டு பொரியல், வடை, பாயசம், அப்பளம், மோர் என்று இலை போட்டுச் சமைத்தோம். நால்வருக்கு 340 ரூபாய், ஆளுக்கு 85. ஏறக்குறைய அதே பதார்த்தங்களை ஹோட்டல் 120 ரூபாய்க்குத் தருகிறது. ஒரு சாம்பார், ஒரு பொரியலோடு நிற்கும் அன்றாடச் சமையலையும் ஒன்பது பதார்த்தம் வைக்கும் ஹோட்டல் சாப்பாட்டையும் ஒன்றுக்கு ஒன்றாக வைத்து ஒப்பிடுவது சரியில்லை. வீட்டுச் சமையல் மலிவாக இருப்பதற்குப் பாதிக் காரணம் வீட்டில் நாம் எளிமையாகச் சாப்பிடுவதே. ஒன்பது வகையை நாலு பேருக்காக மட்டும் செய்தால் நம் அடக்கவிலையும் ஹோட்டலை நெருங்கிவிடும், ஏனென்றால் இருநூறு பேருக்கு ஒரே அண்டாவில் கொதிக்கும் ரசத்துக்கு ஆளுக்கு ஆகும் எரிபொருளும் உழைப்பும் மிகக் குறைவு.

ஹோட்டல்காரரின் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. அவர் வாங்கும் 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஜூலையில் சென்னையில் 1,820 ரூபாயை ஒட்டி இருந்தது. கிலோவுக்கு ஏறத்தாழ 96 ரூபாய். எங்கள் வீட்டுச் சிலிண்டரில் கிலோ 61 ரூபாய். உணவகங்களுக்கு 2017 நவம்பர் 15 முதல் ஜிஎஸ்டி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி எடுக்கப்பட்டது. எனவே வணிக எரிவாயுவுக்கும் கடை வாடகைக்கும் அவர் கட்டும் வரி முழுவதும் தோசையின் விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. நம் பில்லின் அடியில் தெரியும் 5 விழுக்காடு, நாம் கட்டும் வரியின் ஒரு பகுதிதான்.

இனி, வெளியில் சாப்பிட்ட 26 வேளைகளுக்கு வருகிறேன். இவற்றில் பத்து, கணவர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் 90 ரூபாய்க்குச் சாப்பிட்ட மதியச் சாப்பாடு. பன்னிரண்டு, மூன்று ஞாயிறுகளில் நால்வரும் வெளியே போனதில் ஆனவை, 3,450 ரூபாய். மீதி நான்கும் ஜூலை 16 புதன்கிழமை இரவு செயலி வழியே வரவழைத்தவை. மொத்தம் 5,384 ரூபாய். மாதத்தின் 372 வேளைகளில் 26 என்பது நூற்றுக்கு ஏழு. மாத உணவுச் செலவான 18,900 ரூபாயில் 5,384 என்பது நூற்றுக்கு இருபத்தெட்டுக்கும் மேல். இந்த இரண்டு எண்களும் நோட்டில் அடுத்தடுத்த வரியில் வந்தபோது நான் மறுபடி கூட்டிப் பார்த்தேன். அரிசி கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவான கடையைத் தேடி நாங்கள் வேளச்சேரி வரை போனது இதே மாதத்தில்தான்.

அந்தப் புதன்கிழமை பில்லைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். மாதக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் நான் வீட்டுக்கு வரவே இரவு எட்டரை ஆகிவிட்டது; மாமியாருக்கு அன்று முதுகுவலி. இரண்டு சிக்கன் பிரியாணி 560, ஒரு வெஜ் ஃப்ரைடு ரைஸ் 190, ஒரு தயிர் சாதம் 110, ஆக உணவு 860 ரூபாய். பேக்கிங் 40, ஜிஎஸ்டி 45, கொண்டுவந்து தரும் கட்டணம் 75, செயலியின் கட்டணம் 14. கொடுத்தது 1,034. இரண்டு நாள் கழித்து, எங்கள் தெருவிலிருந்து எண்ணூறு மீட்டர் தொலைவிலுள்ள அதே ஹோட்டலுக்குள் போய்ச் சுவரில் மாட்டியிருந்த விலைப்பலகையைப் பார்த்தேன். பிரியாணி 240, ஃப்ரைடு ரைஸ் 165, தயிர் சாதம் 95. அதே நான்கு பொட்டலமும் நேரில் வாங்கினால் வரியோடு 777 ரூபாய். 257 ரூபாய் வித்தியாசத்தில் 129 ரூபாய், பேக்கிங், கொண்டுவரும் கட்டணம், செயலிக் கட்டணம் என்று பில்லில் பெயர் போட்டு வந்தது. மீதி, பிரியாணிக்கு 40 ரூபாய் என்பதுபோல, பதார்த்தத்தின் விலையிலும் அதன் வரியிலும் கலந்து வந்தது. கட்டணத்தைக் கட்டணமாகக் காட்டுவதில் எனக்கு மறுப்பில்லை, மழையில் வண்டி ஓட்டி வந்த பையனுக்கு அது நியாயமாகப் போய்ச் சேரட்டும். விலைக்குள் மறைத்து வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நான்காவது ஞாயிறு வீட்டிலேயே ஒரு கிலோ கோழியில் பிரியாணி செய்தோம். 480 ரூபாய்க்கு ஆறு பேர் சாப்பிடும் அளவு வந்தது, ஆளுக்கு 80.

தம்பியின் கணக்கு இதற்கு நேர்மாறானது. ஜூலை முதல் பதினைந்து நாள் அவன் சமைத்தான், மதியத்துக்கு டப்பாவும் கட்டிக்கொண்டு போனான். பிந்தைய பதினாறு நாள் மெஸ்ஸில் சாப்பிட்டான். முதல் பதினைந்து நாளுக்கு 3,420 ரூபாய்க்குப் பொருள் வாங்கினான், 15ஆம் தேதி இரவு மிச்சமிருந்த சரக்கின் மதிப்பு 690. ஆக 2,730 ரூபாய் பொருள் செலவானது. சமைப்பது இண்டக்ஷன் அடுப்பில். வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் தமிழ்நாட்டில் இலவசம்தான், ஆனால் அவன் அறைக்குத் தனி இணைப்பு இல்லை. வீட்டு உரிமையாளர் உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். அது 252 ரூபாய். தேய்மானம் 60. இப்படி ஆன 3,042 ரூபாயில் அவன் சாப்பிட்டது 41 வேளை, ஏனென்றால் நான்கு வேளை அலுவலகத்தில் நேரமாகிச் சமைக்க முடியவில்லை. ஒரு வேளைக்கு 74 ரூபாய். மெஸ்ஸில் காலை 45, மதியம் 90, இரவு 65. சராசரி 67 ரூபாய்கூட இல்லை. அவன் சொன்னது சரி.

ஏன் என்று பார்க்க அவன் அறைக்கே போனேன். சின்ன ஃபிரிட்ஜைத் திறந்தால், ஒரு கட்டுக் கொத்தமல்லி கறுத்துக் கிடந்தது, அரை முட்டைக்கோஸ் வெட்டுவாயில் பழுப்பேறியிருந்தது, அரை லிட்டர் பாலில் ஒரு டம்ளர் போக மீதி திரிந்திருந்தது. கறிவேப்பிலையை ஒரு கொத்தாகவும் காய்கறியைக் கால் கிலோவாகவும் தேங்காயை முழுசாகவும்தான் கடை விற்கும்; ஒற்றை ஆளின் வயிறு அந்த அளவுகளுக்குப் பொருந்துவதில்லை. பதினைந்து நாளில் அவன் தூக்கிப் போட்டதன் மதிப்பு 510 ரூபாய், பயன்படுத்திய பொருளில் நூற்றுக்குப் பத்தொன்பது. எங்கள் வீட்டில் அது மாதம் முழுவதற்கும் 640, நூற்றுக்கு ஐந்து. நேற்றைய குழம்பைச் சுண்ட வைக்கவும், பழைய சாதத்தில் நீர் ஊற்றவும், முட்டைக்கோஸ் தண்டைக் கூட்டில் போடவும் எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். அந்த 510 ரூபாய் வீணாகாமல் இருந்திருந்தால் அவன் அடக்கவிலை 62 ரூபாயாகி மெஸ்ஸைவிடக் குறைந்திருக்கும். ஆகவே தனி ஆளுக்கு மெஸ் மலிவாகத் தெரிவது சமையல் செலவாலல்ல, சமைக்காமல் கெட்டுப்போவதால்.

இந்த ஒப்பீட்டில் அரசு இரண்டு பக்கமும் கை வைத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. எங்கள் 16 கிலோ அரிசியும் ஒரு கிலோ பருப்பும் ஒரு லிட்டர் எண்ணெயும் அங்கிருந்து வந்திருந்தால் 1,217 ரூபாய் குறைந்து, வேளைக்கு 35 ரூபாய் 50 காசு ஆகியிருக்கும். இன்னொரு பக்கம், 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் சாம்பாரோடு ஒரு இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. வீட்டு இட்லியின் மாவுச் செலவுகூட அதைவிட அதிகம். அடுப்பு வைக்க இடமில்லாத கட்டடத் தொழிலாளிக்கு நான் இங்கே எழுதும் கணக்கு எதுவும் பொருந்தாது, அவருக்கு அந்த உணவகமே அடுப்படி.

இதுவரை எழுதியதில் கூலி இல்லை. ஒரு தொழிற்சாலையின் அடக்கவிலைத் தாளில் கூலிக்கான இடம் காலியாக இருந்தால் நான் அதைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஜூலையில் நாங்கள் மூவரும் சமையலறையில் செலவிட்ட நேரத்தை, கடைக்குப் போவது, காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது உட்பட, சுவரில் தொங்கிய காலண்டர் தாளில் குறித்தோம். நாளுக்குச் சராசரியாக நான் 110 நிமிடம், மாமியார் 95, கணவர் 20. மாதத்துக்கு 116 மணி நேரம். ஹோட்டலுக்கும் வீட்டுக்கும் இடையிலான வித்தியாசம் 17,624 ரூபாய் என்றால், இந்த உழைப்பு மணிக்கு 152 ரூபாய் சம்பாதித்துத் தந்திருக்கிறது. இரண்டு வேளையும் வந்து சமைத்துத் தர எங்கள் பகுதியில் ஒரு அம்மா 7,500 ரூபாய் கேட்டார். அதைச் சேர்த்தாலும் வேளைக்கு 61 ரூபாய்தான். கூலி கொடுத்தாலும் நான்கு பேருள்ள வீட்டுக்கு வீட்டுச் சமையலே குறைவு.

வெளியே சாப்பிட்டால் நேரம் மிச்சம் என்கிறார்கள். போய், இடம் கிடைத்து, இலையில் உணவு வந்து, திரும்பி வருவதற்கு, சாப்பிடும் நேரம் போக, ஒரு வேளைக்குக் குறைந்தது 25 நிமிடம் ஆகிறது. மூன்று வேளைக்கு, நான்கு பேருக்கு, அது 300 நிமிடம். வீட்டுச் சமையலுக்கு நாங்கள் மூவரும் சேர்ந்து கொடுத்தது 225 நிமிடம். வீட்டின் மொத்த நேரத்தைக் கூட்டினால் வெளியே சாப்பிடுவதால் எதுவும் மிச்சமாகவில்லை. இரண்டு பெண்களின் நேரமாக இருந்தது நால்வரின் நேரமாகப் பரவுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் ஞாயிறன்று வெளியே போகலாம் என்று எங்கள் வீட்டில் எப்போதும் முதலில் சொல்வது நானாக இருக்கிறேன் என்பதும் எனக்கு இப்போது விளங்குகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் தருகிறார்கள். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் தருவதும் இந்த உழைப்புக்கான அங்கீகாரம் என்ற பேச்சோடுதான். எங்கள் வீட்டின் 116 மணி நேரத்தில் 106 மணி பெண்களுடையது.

கூலிக்கான இடத்தை நிரப்பிய பிறகு சில வழக்கங்கள் தாமாக மாறின. முதலாவது மாவு. தெருமுனைக் கடையில் ஒரு கிலோ அரைத்த மாவு 45 ரூபாய், அதில் 19 இட்லி வருகிறது, ஒன்று 2 ரூபாய் 37 காசு. 52 இட்லிக்கு வீட்டு மாவைவிட 37 ரூபாய் கூடுதல். அந்த 37 ரூபாய், களைந்து ஊறவைத்து அரைத்து வழித்துக் கிரைண்டரைக் கழுவி எடுக்கும் ஐம்பது நிமிட வேலையை வாங்கித் தருகிறது. இதை மாமியாரிடம் காட்டியபோது வெகுநேரம் நோட்டைப் பார்த்துவிட்டு, "கல்லைத் தூக்கிக் கழுவறதுதாம்மா என் முதுகை ஒடிக்குது, இத்தனை நாள் அதை யார் கிட்ட சொல்றது" என்றார். நான் அந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு ஆண்டாகிறது, அன்றுதான் கேட்டேன். இப்போது ஞாயிறு மட்டும் வீட்டில் அரைக்கிறோம், கல்லைக் கழுவுவது என் கணவர். வாரத்தின் நடுவில் கடை மாவு.

கணவர் வாரத்தில் நான்கு நாள் டப்பா கொண்டுபோகிறார். தாமதமாகும் இரவுக்கென்று கோதுமை ரவையும் முட்டையும் எப்போதும் இருப்பில் இருக்கின்றன. செயலியைத் திறப்பது அதுவும் முடியாத அன்றுதான், திறந்தாலும் முதலில் ஹோட்டலுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு நேரில் போய் வாங்கப் பார்க்கிறோம். ஞாயிறு வெளியே போவதை நிறுத்தவில்லை, மூன்று முறை என்பது இரண்டாகியிருக்கிறது. ஆகஸ்டில் வெளிச்சாப்பாட்டுச் செலவு 3,260 ரூபாய்.

தம்பி காலையும் மதியமும் மெஸ்ஸிலேயே தொடர்கிறான். இரவுக்கு மட்டும் அதே மாடியில் குடியிருக்கும் இரண்டு பேரோடு சேர்ந்து சமைக்கிறார்கள், ஒரு தேங்காய் மூன்று பேருக்கு இரண்டு நாளில் தீர்ந்துவிடுகிறது. ஆளுக்கு 46 ரூபாய் ஆவதாகவும், மெஸ்ஸின் 65 ரூபாயைவிட அது குறைவென்றும், கொத்தமல்லி மட்டும் இன்னும் வீணாவதாகவும் எழுதி அனுப்பியிருக்கிறான். காலண்டர் தாளில் நேரம் குறிப்பதை ஜூலையோடு விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஆகஸ்ட் தாளைக் கிழித்த அன்று காலை, அதில் தன் பெயரை மாமியாரே எழுதி, பக்கத்தில் 70 நிமிடம் என்று குறித்து வைத்திருந்தார்.